குழந்தை என்பது யாதெனில்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் சட்டம் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய நிமிடம் வரைக்கும் அது வெறும் வீடு.

ஃப்ரிட்ஜ் கதவில் நான்கு காந்தங்களை வைத்து என் கணவர் அதை ஒட்டினார். இரண்டடி பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். எங்கள் மகள் சுண்டு பிறந்தபோதுகூட அவர் அவ்வளவு பெருமையாகப் பார்க்கவில்லை.

“இதுல ஓட்டை கண்டுபிடிக்க இனிமே ஒருத்தர் பிறந்துதான் வரணும்,” என்றார்.

“பிறந்து அஞ்சு மாசம் ஆச்சுங்க,” என்று சுண்டுவைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

என் கணவருக்குச் சட்டம் எழுதுவதுதான் உத்தியோகம். மேலிடத்துப் பெரியவர்கள் ஏதாவது ஒன்றைத் தடுக்க வேண்டும் என்று நினைப்பார்கள். நினைப்பது மட்டும்தான் அவர்கள் வேலை. அதை எந்த நீதிபதியும் வளைக்க முடியாத வாக்கியமாக்குவது இவர் வேலை. ஒரு வாக்கியத்தை ஒன்றரைப் பக்கத்துக்கு நிறுத்தாமல் ஓட்டுவார். அலுவலகத்தில் அவருக்குக் ‘காற்புள்ளி’ என்று பட்டப்பெயர். முற்றுப்புள்ளி வைத்து அவரை யாரும் பார்த்ததில்லை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைதான் அவருக்கு அடி விழுந்திருந்தது. காய்கறிச் சந்தைக்காக அவர் எழுதிய ஒரு விதி: ‘ஆடு, மாடு, கழுதை மற்றும் இதர விலங்குகளைச் சந்தைக்குள் கொண்டுவரக் கூடாது.’ ஓர் அம்மாள் கூடையில் பூனையோடு போயிருக்கிறார். காவலர் பிடித்துவிட்டார். வழக்கு நீதிபதியிடம் போனது. நீதிபதி சொன்னாராம்: ஆடு, மாடு, கழுதை மூன்றும் காய்கறியைத் தின்பவை. ஆகவே ‘இதர விலங்குகள்’ என்றால் அவற்றைப் போலக் காய்கறியைத் தின்னும் விலங்குகள். சந்தையைக் காப்பாற்றத்தானே இந்த விதி வந்தது? பூனை கத்தரிக்காயைக் கடித்ததாக யாரும் சாட்சி சொல்லவில்லை. அம்மாளும் பூனையும் வீட்டுக்குப் போகலாம்.

“பூனை விலங்கு இல்லையா? பூச்செடியா?” என்று என் கணவர் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சுவரைக் கேட்டார். தலையணையைக் கேட்டார். பல் துலக்கும்போது கண்ணாடியைக் கேட்டார். “நான் எழுதினது ஒண்ணு, அந்த ஆள் படிச்சது ஒண்ணு. என் வீட்டுலயாவது நான் எழுதினது எழுதினபடி நடக்கணும்.”

அப்படிப் பிறந்ததுதான் உறக்கச் சட்டம்.

நல்ல மனதோடுதான் எழுதினார். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் எனக்குப் பாவம் சேரும். அந்த மாதங்களில் நான் தூங்குவதே இல்லை. பால் பாட்டில் கழுவும்போது கனவு வரும். கனவுக்குள்ளும் பால் பாட்டில்தான் கழுவிக்கொண்டிருப்பேன். எந்தப் பாட்டில் நிஜம் என்று தெரியாமல் இரண்டையும் கவிழ்த்து வைப்பேன். ஜன்னல் திரை மெதுவாக ஊதிப் பெரிதாகி, மெதுவாக இளைக்கும். வீடு மூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். உடனே தொட்டிலைத் திரும்பிப் பார்ப்பேன். சுண்டு விடுகிறாளா?

அதுதான் என் பயம். சுண்டு சத்தமே இல்லாமல் தூங்குவாள். இலை தண்ணீரில் கிடப்பதுபோலக் கிடப்பாள். அழுதால் எனக்கு நிம்மதி. அமைதியாக இருந்தால்தான் கலவரம். எழுந்து போய் மூக்கடியில் விரலை வைப்பேன். வெதுவெதுப்பாக ஒரு காற்று படும். வந்து படுப்பேன். தலை தலையணையைத் தொட்டதும் ‘அது அப்போது. இப்போது?’ என்று தோன்றும். மறுபடி எழுவேன்.

“ராத்திரிக்கு முப்பது தடவை எழுந்துக்கறே. எண்ணிட்டேன்,” என்றார் கணவர். “குழந்தை வளர்ப்புப் புத்தகத்துல போட்டிருக்கு. குழந்தையைத் தனி அறையில படுக்க வைக்கணும். நீயும் தூங்குவே, அதுவும் தூங்கும்.”

“கதவு சாத்தியா?”

“கதவு சாத்தி.”

என் கட்டிலுக்கும் சின்ன அறைக் கதவுக்கும் நடுவே பன்னிரண்டு அடி தூரம். பன்னிரண்டு கடல் என்று சொல்லியிருந்தாலும் எனக்கு அதே பயம்தான்.

சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். அப்போதுதான் சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்திருந்தார். முதலிலேயே ஒரு சிக்கல்.

“குழந்தைன்னா என்ன, சொல்லு.”

“என்னங்க கேள்வி இது?”

“வரையறை வேணும். வயசு போட்டா மாசக் கணக்கு, நாள் கணக்குன்னு நோண்டுவாங்க. குணத்தை வச்சுச் சொல்லணும். நாள் பூரா பார்த்துக்கறவ நீதானே? சொல்லு, எழுதிக்கறேன்.”

நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினேன். மூடியதும் மிதந்தேன். காதில் ஏதோ கொர்ரென்று கேட்டுக்கொண்டிருந்த ஞாபகம்.

“தானா சமைச்சுக்கத் தெரியாது,” என்றேன்.

“ம்.”

“தன் துணியைத் தானே துவைச்சுக்கத் தெரியாது. ஒரு பொருளை எடுத்தா எடுத்த இடத்துல வைக்காது. பசிச்சா சத்தம் போடும். தூங்கும்போது மூக்குல சத்தம் வரும்.”

“பிரமாதம்!” என்றார். “அஞ்சும் சேர்ந்து இருந்தாத்தான் குழந்தைன்னு போட்டுடறேன். ‘ஒருங்கே’ன்னு ஒரு வார்த்தை. அப்புறம் எந்த நீதிபதி வந்தாலும் அசைக்க முடியாது.”

சத்தியமாக அப்போது எனக்கு எந்தத் திட்டமும் இல்லை. தூக்கக் கலக்கத்தில், நாள் முழுக்க நான் பார்த்துக்கொள்வது கண்ணுக்குள் எப்படித் தெரிந்ததோ அப்படியே சொன்னேன்.

சட்டம் இப்படி அமைந்தது. பிரிவு இரண்டு, நான் சொன்ன வரையறை. பிரிவு மூன்று: குழந்தை இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை சின்ன அறையில், சாத்திய கதவுக்குப் பின்னால் உறங்க வேண்டும். பிரிவு நான்கு: அந்த நேரத்தில் தாய் அங்கே நுழையக் கூடாது, குழந்தை அழுதால் மட்டும் நுழையலாம். பிரிவு ஐந்து: ஐயம் எழுந்தால் நீதிபதி தீர்ப்பார். பிரிவு ஆறு: இச்சட்டத்துக்கு எழுதியபடியே பொருள் கொள்ள வேண்டும், எழுதியவர் மனதில் என்ன நினைத்தார், எதற்காக எழுதினார் என்று எவரும் ஆராயக் கூடாது. பூனை கீறிய இடம் அது. பிரிவு ஏழு: திருத்தும் அதிகாரம் குழந்தை நீங்கலாக இவ்வீட்டில் உள்ளோர்க்கு உண்டு.

“அதென்ன குழந்தை நீங்கலாக?”

“நாளைக்கு உன் பொண்ணு பெரியவளாகறதுக்குள்ள எழுந்து வந்து திருத்திடக் கூடாது பாரு!” என்று சிரித்தார். அவ்வளவு தூரம் யோசித்திருந்தார்.

“நீதிபதி யாரு? நீங்களேவா?”

“சேச்சே. எழுதினவனே தீர்ப்பும் சொன்னா அது நியாயமா? நீதிபதி எங்க அப்பா.”

அதில் இருந்த நியாயம் எனக்கு உடனே விளங்கியது.

என் மாமனார் முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். நின்றுகொண்டே பார்த்தவர். நீதிபதி தலையசைத்ததும் வாசலுக்குப் போய்க் கட்சிக்காரர்களின் பெயரை மூன்று தடவை கூப்பிடுவது அவர் உத்தியோகம். அவர் கூப்பிட்டால் கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பும் என்பார்கள். ஆயிரம் தீர்ப்புகளைக் காதால் கேட்டவர். ‘நீ என்னப்பா நினைக்கிறே’ என்று யாரும் ஒரு நாளும் அவரைக் கேட்டதில்லை. மகன் கேட்டதும் குளித்துவிட்டு, தானே துவைத்துத் தானே தேய்த்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் விசாரணை திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு. கணவர் புகார் கொடுத்திருந்தார். சுண்டு நீதிபதியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா தோளில் மட்டும்தான் அவள் பகலில் தூங்குவாள். அதனால் நீதிமன்றம் முழுக்கக் கிசுகிசுப்பாகவே நடந்தது. புறாக்களைக் கிளப்பிய அந்தக் குரல், “வாதி... வாதி... வாதி...” என்று பஞ்சு மாதிரிக் கூப்பிட்டது.

“அப்பா, நான் எதிர்லதான் நிக்கறேன்.”

“மூணு தடவை கூப்பிடணும்ப்பா. அதுதான் முறை. சொல்லு.”

“ராத்திரி பூரா இவ சின்ன அறைக்குள்ள இருந்தா. பிரிவு நாலை மீறிட்டா.”

“என்னம்மா சொல்றே?”

“நான் நுழையவே இல்லை மாமா,” என்றேன். “ஏழரைக்கே உள்ள போய் உட்கார்ந்துட்டேன். எட்டுலேர்ந்து ஆறு வரைக்கும் நுழையக் கூடாதுன்னுதானே இருக்கு? நான் வெளியவே வரலையே, அப்புறம் எப்படி நுழையறது?”

நான் கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவள். விளக்கணைத்த பிறகு யாரும் கட்டிலை விட்டுத் தரையில் கால் வைக்கக் கூடாது என்று மதர் ஒரு விதி எழுதி ஒட்டியிருந்தார். நாங்கள் பதினாறு கட்டில்களையும் ஒட்டிப் போட்டு, கட்டில் மேலேயே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து போய் அரட்டை அடித்தோம். மதர் வந்து பார்த்தார். பதினாறு கட்டிலையும் பார்த்தார். போய்விட்டார். மறுநாள் விதியில் இன்னொரு வரி சேர்ந்தது. சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

மாமா ஃப்ரிட்ஜ் கதவுக்குப் போய்ப் பிரிவு நான்கை விரல் வைத்துப் படித்தார். “எழுதியபடி பார்த்தா மருமக நுழையலைப்பா.”

கணவர் பேனாவை எடுத்தார். ‘நுழையவோ இருக்கவோ கூடாது’ என்று திருத்தம் எண் ஒன்று அந்த நிமிடமே அமலுக்கு வந்தது. மதரே எழுந்து வந்ததுபோல இருந்தது எனக்கு.

அன்றைக்கு ராத்திரி நான் கதவுக்கு வெளியே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். கதவில் காதை வைத்தால் மரத்தின் சத்தம்தான் கேட்டது. எத்தனை மணியோ, காலடி கேட்டது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டேன். கணவர் வந்தார். நான் தூங்குகிறேன் என்று நினைத்து என் காலைத் தாண்டி, கதவைப் பூப்போலத் திறந்து உள்ளே போனார். தொட்டில் மேல் குனிந்தார். சுண்டுவின் மூக்கடியில் விரலை வைத்தார். நின்றார். பெருமூச்சு விட்டார். வந்த வழியே போனார். அரை மணிக்கொரு தரம் வந்தார்.

சட்டத்தில் ‘தாய்’ என்றுதான் இருந்தது. தந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலை நான் அதைச் சாட்சியாகச் சொல்லவில்லை. ஏனோ சொல்லத் தோன்றவில்லை. அதை எனக்கென்று வைத்துக்கொண்டேன். வேறு வழியில் வாதாடினேன்.

“மாமா, இந்தச் சட்டம் எதுக்காக வந்துச்சு? நான் தூங்கறதுக்காக. நான் தூங்கினேனா? என் கண்ணைப் பாருங்க.”

மாமா பார்த்தார். அவர் முகம் இளகியது.

“எதுக்காக வந்துச்சுன்னு பார்த்தா நீ சொல்றதுதாம்மா சரி. பூனை வழக்குல அந்த நீதிபதி அதைத்தான் பார்த்தார். ஆனா இவன் பிரிவு ஆறுன்னு ஒண்ணு எழுதி என் கண்ணைக் கட்டிட்டானே. எதுக்காகன்னு நான் கேக்கவே கூடாதாம்.”

“கேக்கக் கூடாது,” என்றார் கணவர். “எழுதினது எழுதினபடி.”

“அப்போ என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா.”

தோற்றுவிட்டேன். சுண்டு தூக்கத்தில் மாமாவின் காலரைப் பிடித்திருந்தாள். அந்த விரல்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. குழந்தை அழுதால்தான் நான் சின்ன அறைக்குள் நுழையலாம்; நான் அழுதால் நுழையலாம் என்று எந்தப் பிரிவிலும் இல்லை.

அடுத்த மூன்று நாளும் நான் எப்படி நடமாடினேன் என்று தெரியவில்லை. தண்ணீருக்கடியில் வீடு பெருக்கினேன். வெள்ளிக்கிழமை மாலை பாலை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். பாலுக்குப் பக்கத்தில் என் கணவரின் மூக்குக்கண்ணாடி ஜில்லென்று உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து அதைத்தான் தேடுகிறார். எடுத்தேன். கதவை மூடினேன். கதவில் சட்டம். கையில் கண்ணாடி.

‘எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்காதவர்.’

இரண்டு தடவை படித்தேன். கூடத்திலிருந்து, “சாப்பாடு ஆச்சா? பசிக்குது!” என்று ஒரு பெரிய சத்தம் வந்தது.

மூன்றாவது தடவையும் படித்தேன். ஐந்து நாளில் முதல் முறையாக எனக்கு முழுசாக விழிப்பு வந்தது.

சனிக்கிழமை காலை நானே வாதி.

“வாதி... வாதி... வாதி...”

“இருக்கேன் மாமா. நான் சட்டத்தை எதிர்க்கல. எழுதினது எழுதினபடி அமல் பண்ணணும்னு கேக்கறேன்.”

“அப்படி வா வழிக்கு,” என்றார் கணவர்.

“பிரிவு ரெண்டு, குழந்தை என்பது யாதெனில். முதலாவது, தானே சமைத்துக்கொள்ளத் தெரியாதவர். உங்களுக்குத் தெரியுமாங்க?”

“எனக்கா? என்னை எதுக்குக் கேக்கறே?”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுப்பா,” என்றார் நீதிபதி. தானே தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்.

“வெந்நீர் வைப்பேன்.”

“போன மாசம் பாத்திரம் கருகிடுச்சு மாமா. ரெண்டாவது, தன் துணியைத் தானே துவைத்துக்கொள்ளத் தெரியாதவர்.”

“மெஷின் இருக்கே!”

“மெஷின்ல எந்தப் பொத்தான்?”

கணவர் கூரையைப் பார்த்தார். நான் மூக்குக்கண்ணாடியை எடுத்து நீதிபதியின் முன் வைத்தேன். “மூணாவதுக்கு இது. பால் பக்கத்துல இருந்தது. நாலாவதுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாரும் சாட்சி. அஞ்சாவதுக்குச் சாட்சி வேண்டாம், நீங்களே கூடத்துல படுக்கறீங்க.”

“காதுல பஞ்சு வச்சுக்கிட்டுப் படுக்கறேன்,” என்றார் நீதிபதி.

“அப்பா! இது அநியாயம். நான் சொன்னது சுண்டுவை!”

“சுண்டுவைத்தானே? சரி, அவளையும் சட்டப்படி பார்த்துடலாம் மாமா,” என்றேன். “அஞ்சாவது, உறங்கும்போது மூக்கால் ஒலி எழுப்புபவர். அஞ்சும் ஒருங்கே இருந்தாத்தான் குழந்தை. ‘ஒருங்கே’ அவர் போட்ட வார்த்தை. சுண்டு சத்தம் போடறாளான்னு கேட்டுப் பாருங்க.”

மாமா அவளைத் தோளிலிருந்து மெல்ல மடிக்கு இறக்கினார். மூன்று தலைகள் அவள் மேல் குனிந்தன. தெருவில் ஒரு வண்டி போய் அடங்கியது. குழாய் சொட்டுவது நின்றது. ஜன்னல் திரை ஊதி, அப்படியே நின்றது.

ஒரு சத்தமும் இல்லை.

வாதாட வந்தவள் நான் என்பது மறந்துபோனது. வழக்கு மறந்துபோனது. விரலை நீட்டினேன். அதற்குள் ஒரு விரல் எனக்கு முன்னால் போய்ச் சரியாக அவள் மூக்கடியில் நின்றது. கணவரின் விரல். தேடாமல், தடுமாறாமல், பழகிய இடத்துக்குப் போன விரல்.

“வருது,” என்றார். மூச்சு விட்டார். பிறகுதான் நாங்கள் இருவரும் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது.

மாமா அந்த விரலைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். சுண்டுவை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

“தீர்ப்பு,” என்று கிசுகிசுத்தார். “தோள்ல கிடக்கறவ உறங்கும்போது ஒலி எழுப்பலை. சட்டப்படி இவ குழந்தை இல்லை. எங்க வேணாலும் படுக்கலாம், யார் பக்கத்துல வேணாலும் படுக்கலாம். இந்த வீட்டுல அஞ்சும் ஒருங்கே அமைஞ்ச குழந்தை ஒண்ணுதான். அது இன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்குச் சின்ன அறைக்குப் போகணும்.”

“அப்பா, நான் எதை நினைச்சு எழுதினேன்னு பாருங்க! எதுக்காக எழுதினேன்னு பாருங்க!”

“பார்க்கணும்னுதான் எனக்கும் ஆசை,” என்றார் மாமா. “பிரிவு ஆறு விட மாட்டேங்குதே.”

எட்டு மணிக்குத் தலையணையைக் கட்டிக்கொண்டு அவர் போனார். தொட்டில் அங்கிருந்து என் கட்டிலருகே வந்துவிட்டது. அதன் மேல் தொங்கிய காகிதப் பறவைகள் மட்டும் அங்கேயே இருந்தன. கதவைச் சாத்தும்போது, “அழுதா வருவியா?” என்று கேட்டார்.

“பிரிவு நாலு இருக்கே. வருவேன்.”

கொஞ்ச நேரம் கழித்துச் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, “என்னம்மா... சுண்டு?” என்று ஒரு கிசுகிசுப்பு வந்தது.

விரலை வைத்தேன். “வெதுவெதுன்னு இருக்குங்க.”

மறுபடி ஒரு தடவை கேட்டார். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை அவர் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. பயப்படுவதற்கு வீட்டில் இன்னொரு ஆள் இருக்கிறார் என்று தெரிந்ததும், நான் பாட்டுக்குத் தூங்கிவிட்டேன். காகிதப் பறவை மாதிரி, பிடித்திருந்த நூல் விட்டுப்போனது மாதிரி, விடியும் வரை தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி ஒரு நிமிடத்துக்குக் கதவு திறந்தது. கலைந்த தலையோடு, கையில் ஒரு தாளோடு கணவர் நேரே பிரம்பு நாற்காலிக்குப் போனார்.

“திருத்தம் எண் ரெண்டு. வரையறையை மாத்தறேன். ராத்திரி பூரா உட்கார்ந்து எழுதினேன். இதுல ஒரு ஓட்டையும் கிடையாது.”

மாமா தாளை வாங்கவில்லை. ஃப்ரிட்ஜ் பக்கம் கையைக் காட்டினார். கணவர் போய்ப் பிரிவு ஏழைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். அவருடைய பேனா தானாக மூடிக்கொண்டது.

“குழந்தைங்க சட்டத்துல கை வைக்கக் கூடாது,” என்றார் மாமா. “போய்ப் பல்லைத் துலக்கிட்டு வா கண்ணு, பால் தர்றேன்.”